மிஷனரிகளைத் தோற்கடித்தது காய்ச்சல்தானா? நியாசாலாந்தை வைத்து ஒரு விவாதம்

பிப்ரவரி 2 (வாசகர் ஒருவரின் கேள்வி)

காலனிய ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரிகளுக்கு உண்மையான எதிரி மலேரியா ஒன்றுதான். குவினைன் என்ற காய்ச்சல் மருந்து ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு அவர்களுக்குத் தடை என்று எதுவும் இல்லை, பின்னாலேயே பிரிட்டிஷ் கொடியும் வந்துவிட்டது. மொழி, பண்பாடு என்று சொல்வதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் குறிப்பான உதாரணத்தோடு சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன் தம்பி. ஆப்பிரிக்கா முழுவதையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. மலாவியில், பிளான்டயர் நகரத்தில், ஆறு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிட்டிஷ் காலத்தில் அந்த நாட்டின் பெயர் நியாசாலாந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை இல்லாததால் பழைய மிஷன் இடங்களாகத் தேடித் தேடிப் போனேன். எங்கள் தாத்தா லுத்தரன் சபையில் உபதேசியார், அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒட்டுதல் அதிகம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல் பெரிய விஷயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1861-ல் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பயணி வழிகாட்ட, பிஷப் சார்லஸ் மெக்கென்சி தலைமையில் ஒரு குழு ஷிரே ஆற்றின் வழியாக மேட்டு நிலத்துக்கு ஏறியது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆதரவில் வந்த மிஷன் அது. மகொமெரோ என்ற இடத்தில் குடிசை போட்டார்கள். அடுத்த ஜனவரியில் மெக்கென்சியும் ஹென்றி பர்ரப் என்ற இளம் குருவும் லிவிங்ஸ்டனைச் சந்திக்க ஆற்றோடு கீழே இறங்கினார்கள். வழியில் தோணி கவிழ்ந்து மருந்துப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. ரூவோ ஆறு ஷிரேயில் சேரும் இடத்தில் ஒரு தீவில் காத்திருந்தபோது பிஷப்புக்குக் காய்ச்சல் முற்றி, ஜனவரி 31 அன்று இறந்துபோனார். தோணியில் பாதியும் ஆட்கள் தோளில் பாதியுமாகத் திரும்பிய பர்ரப் சில வாரங்களில் போய்ச் சேர்ந்தார். இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. மெக்கென்சியின் அக்காவும் பர்ரப்பின் புது மனைவியும் அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில்தான் இருவருக்கும் சேதி தெரிந்தது.

ஆக, காய்ச்சல் கொன்றது உண்மை. ஆனால் மகொமெரோவைக் கெடுத்தது காய்ச்சல் இல்லை. அதை நாளை எழுதுகிறேன், இங்கே மணி ஒன்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 4

மகொமெரோவுக்குப் போவதற்கு முன், குவினைன் பற்றி.

குவினைன் வந்த பிறகு தடை இல்லை என்கிறீர்கள். லிவிங்ஸ்டன் கையிலேயே குவினைன் இருந்தது. அதோடு பேதி மருந்தும் கலந்து அவரே ஒரு மாத்திரை உருட்டி வைத்திருந்தார். அப்படியும் அவருடைய மனைவி மேரி 1862 ஏப்ரலில் ஜாம்பேசி ஆற்றங்கரையில் ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். மருந்து இருப்பது வேறு, காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிவது வேறு. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல்தான். அதுவரை கெட்ட காற்று, சதுப்பு நில ஆவி என்றுதான் நினைத்தார்கள். ஆகவே ஏரிக் காற்று நல்லது என்று கரையிலேயே வீடு கட்டினார்கள்.

இன்றைய மலாவி ஏரியின் தென் கரையில் இருக்கும் கேப் மக்ளியர் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபை 1875-ல் இலாலா என்ற சின்ன நீராவிப் படகைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஷிரே அருவிகளைத் தாண்டி நூற்றுக்கணக்கான சுமையாட்கள் தலையில் ஏற்றி, ஏரியில் கொண்டுவந்து பூட்டியது. டாக்டர் ராபர்ட் லாஸ் கூட வந்தார். கேப் மக்ளியரில் லிவிங்ஸ்டோனியா என்று பெயர் வைத்தார்கள். நான் பார்த்தபோது அங்கே கரை முழுக்க உசிபா காய்ந்துகொண்டிருந்தது, நம் நெத்திலி மாதிரியான பொடிமீன், அதே வாடை. மலையடிவாரத்தில் ஐந்து கல்லறை. ஐந்து வருஷத்தில் ஐந்து கல்லறை, கிடைத்த விசுவாசி ஒரே ஒருவர். அவர் ஆல்பர்ட் நமலாம்பே, 1881-ல் ஞானஸ்நானம் பெற்றார். அந்த வருஷமே மிஷனைப் பண்டாவேக்கு மாற்றினார்கள். அதுவும் கரைதான், அங்கேயும் காய்ச்சல். 1894-ல்தான் மேலே கொண்டோவே பீடபூமிக்கு ஏறினார்கள். அந்த மண்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்குப் போனவன் நான், இருந்தாலும் அங்கே ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

லாஸ் மட்டும் 1927 வரை அந்த நாட்டில் இருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம். காய்ச்சல் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை.

பிப்ரவரி 4, கொஞ்சம் பிறகு

சிங்கம், முதலை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தன. கடிதங்களில் நிறைய வரும், ஊரில் பணம் திரட்ட உதவும். இந்தக் கேள்விக்கு அவை முக்கியம் இல்லை.

பிப்ரவரி 6

நேற்று முன்தினம் எழுதியதைத் திருத்த வேண்டும். மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐந்து கல்லறை என்று எழுதினேன். அது ஐரோப்பியர் கணக்கு. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் வரும், நானும் யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். 1876-ல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து நான்கு ஆப்பிரிக்க உபதேசியார்கள் அந்த மிஷனுக்கு வந்தார்கள். ஷாட்ராக் ங்குனானா, வில்லியம் கோயி, ஐசக் வௌச்சோப், மப்பாசா ன்டின்டிலி. அதில் ங்குனானா அடுத்த வருஷமே கேப் மக்ளியரில் நோயில் இறந்தார். அவரைச் சேர்க்காமல் "ஐந்து" என்று சொல்வது தப்பு. அவருக்கும் அது அந்நிய நாடுதான், அவரும் வீட்டை விட்டுத்தான் வந்தார்.

அப்புறம் வில்லியம் கோயி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏரிக்கு மேற்கே மலைநாட்டில் ங்கோனி மக்கள். சூலு அரசர் ஷாகாவின் போர்க் காலத்தில் தெற்கேயிருந்து கிளம்பி, 1835-ல் சூரிய கிரகணம் பிடித்த ஒரு நாளில் ஜாம்பேசியைக் கடந்து வந்தவர்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அவர்களுடைய ஈட்டிக்குப் பயந்து கிடந்தன. அவர்களுடைய அரசர் ம்பெல்வாவிடம் வெள்ளைக்காரர் நேரடியாகப் போய்ப் பேசி எதுவும் நடந்திருக்காது. கோயி கோசா இனத்தவர், அவருடைய மொழி ங்கோனிப் பெரியவர்களின் பழைய மொழிக்குச் சொந்தம். பாட்டன் காலத்தில் விட்டுவந்த தெற்கிலிருந்து ஒருவர் வந்து, ஏறக்குறைய அதே பேச்சில் வணக்கம் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! 1882-லிருந்து அங்கேயே தங்கினார். பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, பிரசங்கம் கூடாது, இருந்துகொள்ளலாம் என்பதுதான் ம்பெல்வாவின் நிபந்தனை. பையன்கள் புத்தகத்தைத் தூக்கினால் ஈட்டியைத் தூக்க மாட்டார்கள் என்று பெரியவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது, அப்படித்தான் நடந்தது.

நான்கு வருஷம் அவர் செய்ததெல்லாம் உட்கார்ந்து பேசியதுதான். 1886-ல் அரசரின் சபை பள்ளிக்கு அனுமதி கொடுத்தது. அந்தச் சேதி வந்தபோது கோயி சாகக் கிடந்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். நான்கு வருஷம் பொறுமையாகக் காத்திருக்கும் சவாலுக்குக் குவினைன் கிடையாது.

பிப்ரவரி 7

மொழி "பிறகு சேர்த்துக்கொண்டது" என்றீர்களே, அதற்கு.

அந்த ஏரியின் பெயரை லிவிங்ஸ்டன் கேட்டபோது கரைக்காரர்கள் "நியாசா" என்றார்கள். ஏரி என்று அர்த்தம். அவர் வரைபடத்தில் "லேக் நியாசா" என்று போட்டார், அதாவது ஏரி ஏரி. நாட்டுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இது சின்னப் பிழை, யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் பரிசுத்த ஆவிக்கு என்ன சொல்வது? சிச்சேவா மொழியில் "ம்ஸிமு வொயேரா" என்பார்கள், இன்றைக்கும் சபைகளில் கேட்கலாம். "ம்ஸிமு" என்றால் செத்துப்போன முன்னோரின் ஆவி. மழை பெய்யாவிட்டால், பிள்ளைக்கு நோய் வந்தால், கும்பிட்டு மாவும் பீரும் வைக்கும் ஆவி. "வொயேரா" என்றால் சுத்தமான, அதே சொல்லுக்கு வெள்ளை என்றும் அர்த்தம். அப்போது முதல் தடவை கேட்ட ஒரு கிழவியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வெள்ளையான முன்னோர் ஆவி! வெள்ளைக்காரர்களின் செத்துப்போன தாத்தா! என் அலுவலகத்தில் மூத்த கணக்கர் ஒருவர் இருந்தார், சபை மூப்பர், எல்லாரும் மரியாதையாக பாம்போ என்று கூப்பிடுவோம், நம் "ஐயா" மாதிரி. அவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் பாட்டிக்கு அப்படித்தான் புரிந்திருக்கும், ஆனால் அவள் அதனால்தான் பயப்படாமல் கும்பிட்டாள்" என்றார். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிச்சேவாவுக்கு நியாஞ்சா என்றும் பெயர். லாஸின் நியாஞ்சா மொழிப் புதிய ஏற்பாடு 1886-ல் வந்தது. பிளான்டயரில் டேவிட் கிளெமன்ட் ஸ்காட் என்ற மிஷனரி அதன் கிளையான மங்கஞ்சா மொழிக்குப் பெரிய அகராதி ஒன்றை 1892-ல் கொண்டுவந்தார். அது வெறும் சொற்பட்டியல் இல்லை. ஒரு சொல்லுக்குக் கீழே சடங்கு, பழமொழி, சமையல் என்று எல்லாம் வரும். அதைச் செய்தவர் அந்த மக்களின் திண்ணையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

மகொமெரோ. சொன்னபடி.

1861 ஜூலையில் குழு மேலே ஏறும்போது ம்பாமே என்ற தலைவரின் ஊரில் அடிமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு கூட்டம் எதிரே வந்தது. ஆண்களின் கழுத்தில் கவட்டைக் கொம்பு மாட்டி, குறுக்கே கம்பி போட்டு இறுக்கியிருந்தது. லிவிங்ஸ்டனின் ஆட்களைப் பார்த்ததும் ஓட்டிவந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். கயிறுகளை அறுத்து, கவட்டைகளை ரம்பத்தால் அறுத்து, 84 பேரை விடுவித்தார்கள். சமைத்துச் சாப்பிடுங்கள் என்றதும் பெண்களால் முதலில் நம்ப முடியவில்லை. பிறகு அந்தக் கவட்டைகளையே அடுப்பில் வைத்து எரித்தார்கள். பிஷப் அப்போது பக்கத்து ஓடையில் குளித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அவருக்கு ஒரு சபையே கிடைத்திருக்கிறது.

இதைப் படிக்கும்போது நான் அழுதிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 84 பேருக்குச் சோறு போட வேண்டும், காவல் போட வேண்டும். யாவோ இனத்துக் கூட்டம் பக்கத்தில் ஊர்களைக் கொளுத்தி ஆள் பிடிக்கிறது என்று மங்கஞ்சாத் தலைவர்கள் வந்து உதவி கேட்கிறார்கள். சுவிசேஷம் சொல்ல வந்தவர் துப்பாக்கியை எடுத்தார். ஒரு கையில் குண்டு போட்ட துப்பாக்கியும் மறு கையில் ஆயர் கோலுமாக நடந்ததை மெக்கென்சியே எழுதி வைத்திருக்கிறார். யாவோ குடிசைகளை எரித்தார்கள். ஒரு பக்கத்துக்காகச் சண்டை போட்டதும் அவர்களும் அந்த நாட்டின் இன்னொரு கட்சி ஆகிவிட்டார்கள். அப்புறம் பஞ்சம், அப்புறம் காய்ச்சல். ஸ்கடமோர், டாக்டர் டிக்கின்சன் இருவரும் 1863-ல் போனார்கள். மிஷன் நாட்டை விட்டே வெளியேறி சான்சிபார் போய்விட்டது.

அதனால்தான் சொன்னேன், காய்ச்சல் அங்கே கடைசியாகத்தான் வந்தது.

பிப்ரவரி 10

"அடிமைகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா?" என்று ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். இல்லை அக்கா. நானாக இருந்தாலும் கயிற்றை அறுத்திருப்பேன். அறுத்த பிறகு அடுத்த நாள் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பிளான்டயர் மிஷனில் அது இன்னும் மோசமாகப் போனது. 1876-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை தொடங்கிய மிஷன். தப்பி வந்த அடிமைகள், தலைவர்களோடு சண்டை போட்டவர்கள், அநாதைகள் என்று எல்லாரும் மிஷன் நிலத்தில் வந்து குடியேறினார்கள். அரசு என்று எதுவும் இல்லை. திருட்டு நடந்தால் யார் தீர்ப்புச் சொல்வது? மிஷன்காரர்களே சொன்னார்கள். தச்சரும் தோட்டக்காரருமாக வந்த ஸ்காட்டியர்கள் கையில் சாட்டை வந்தது. 1879-ல் கொலைக் குற்றம் சாட்டிய ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். தேயிலை திருடினார் என்று சந்தேகித்து ஒருவரை அடித்தார்கள், அந்த அடியில் அவர் செத்துப்போனார். தேயிலைக்காக! ஒரு பயணி இதை இங்கிலாந்தில் துண்டுப் பிரசுரமாகப் போட, திருச்சபை விசாரணைக் குழு அனுப்பியது. பொறுப்பில் இருந்த டஃப் மெக்டொனால்டை 1881-ல் நீக்கினார்கள். அவர் சாட்டை தூக்கியவர் இல்லை, தடுக்காதவர்.

சாத்தானை எதிர்க்கத் தயாராகி வந்தவர்களிடம் ஒரு ஊரின் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தால் மூன்று வருஷத்தில் இது நடக்கிறது. இதைவிடப் பெரிய சவால் என்ன இருக்கிறது? செத்தவரின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் கல்லறைக் கணக்கில் அவரையும் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 13

பலதார மணம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

மிஷன் விதி எளிமையானது. ஒரு மனைவியை வைத்துக்கொள், மற்றவர்களை விட்டுவிட்டு ஞானஸ்நானத்துக்கு வா. காகிதத்தில் எளிமை. ஆனால் மங்கஞ்சா, சேவா, யாவோ மக்கள் தாய்வழி மக்கள். கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெண் வீட்டு ஊருக்குப் போகிறான். பிள்ளைகள் தாயின் குலம். அவர்கள் விஷயத்தில் முடிவு சொல்பவர் "மலுமே", தாய்மாமன். நமக்குத் தாய்மாமன் என்றால் சீரும் மரியாதையும். அங்கே அவர்தான் குடும்பத்துக்கே அதிகாரி. மிஷனரிகள் ஸ்காட்லாந்துக் குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு, அப்பா கிறிஸ்தவர் ஆனால் பிள்ளைகள் பின்னால் வருவார்கள் என்று நினைத்தார்கள். அப்பாவுக்கு அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கிடையாது.

எங்கள் பாம்போ சொன்ன கதை. அவருடைய தாத்தாவுக்கு இரண்டு ஊரில் இரண்டு வீடு. இரண்டு ஊரிலும் மனைவியின் சோள நிலத்தைக் கொத்திக் கொடுப்பார். ஞானஸ்நானம் கேட்டபோது ஏழு வருஷம் காக்க வைத்தார்களாம், கடைசியில் இரண்டாம் வீட்டை விட்டார். விடுவது என்றால் அங்கே போவதை நிறுத்துவது, அவ்வளவுதான், அவளை அனுப்ப முடியாது, அது அவளுடைய ஊர். மழைக்கு முன்னால் நிலம் கொத்த ஆள் வரவில்லை. அவளுடைய அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மிஷனுக்கே வந்துவிட்டார். போதகரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "என் தங்கை என்ன குற்றம் செய்தாள்?"

போதகரிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

அந்தப் பாட்டி பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்கு வந்து, வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போவாளாம். "நான் அந்த இரண்டாம் வீட்டுப் பேரன்" என்றார் பாம்போ. அவளை விடச் சொன்ன அதே சபையில் இன்றைக்கு அவர் மூப்பர்.

பிப்ரவரி 14

விட்டுப்போனது: பீர், நியாவு முகமூடி ஆட்டம், பெண்பிள்ளைகளின் வயதுக்கு வரும் சடங்கு, எல்லாவற்றையும் மிஷன்கள் தடை செய்யப் பார்த்தன. நியாவு கூட்டம் பதிலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மிரட்டித் தடுத்தது. "வெள்ளைப் பிதாக்கள்" என்ற கத்தோலிக்கத் துறவற சபைக் குருக்கள் 1902-ல் தொடங்கிய முவா மிஷனில் இன்று அதே முகமூடிகளைச் சுவர் நிறைய மாட்டி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், நான் ஒரு முழு நாள் அங்கே இருந்தேன்.

பிப்ரவரி 17

பிப்ரவரி 6 அன்று கோயியைப் பற்றி எழுதியதன் தொடர்ச்சி இது. எனக்கு மிகவும் வலிப்பது இந்தப் பகுதிதான்.

வேலையை உண்மையில் செய்தவர்கள் ஆப்பிரிக்க ஆசிரியர்களும் உபதேசியார்களும். வெள்ளைப் போதகரை நான்கு பேர் மச்சிலாவில், திருவிதாங்கூர்ப் பக்கம் மஞ்சல் என்பார்களே அது மாதிரித் தொங்குதொட்டிலில், தூக்கிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார்கள். மற்ற நாட்களில் ஊரில் இருந்தது உபதேசியார். எங்கள் தாத்தா வாழ்க்கையும் அதுதான், அதனால் எனக்குத் தெரியும். சைக்கிளில் போய், பிரசங்கம் செய்து, கல்யாணச் சண்டையைத் தீர்த்து, பிணம் அடக்கி, ஆனால் நற்கருணை கொடுக்க மட்டும் ஐயர் வர வேண்டும்.

லிவிங்ஸ்டோனியா 1875-ல் வந்தது. முதல் மூன்று ஆப்பிரிக்கப் போதகர்களுக்கு, யெசாயா ஸெரென்ஜி ம்வாசி, ஹெஸகியா ட்வேயா, ஜோனதன் சிர்வா, குருப்பட்டம் கொடுத்தது 1914-ல். முப்பத்தொன்பது வருஷம்! தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கி இருபத்தேழாவது வருஷம் ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தார்கள், அதுவே தாமதம் என்று எங்கள் வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். இன்னும் படிக்கட்டும், இன்னும் பக்குவப்படட்டும் என்பதுதான் காரணம். ஞானஸ்நானத்துக்கும் அதே காத்திருப்பு.

விளைவு? மிஷன் பள்ளியில் படித்து வெளியேறிய எலியட் கம்வானா 1908-ல் பண்டாவே பக்கம் திரும்பி வந்து, காத்திருக்க வேண்டாம், இன்றே வாருங்கள், கடவுளின் ராஜ்யம் நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். சில மாதங்களில் பத்தாயிரம் பேர் அளவில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசு 1909-ல் அவரை நாடு கடத்தியது. மிஷனின் தலைசிறந்த மாணவர் சார்லஸ் டொமிங்கோவும் வெளியே போய்த் தனிச் சபை தொடங்கினார். மிஷனரி, அரசு, பணம் தேடும் கம்பெனிகள் மூன்றும் எங்களை ஒரே கண்ணால்தான் பார்க்கின்றன என்று அவர் 1911-ல் எழுதினார். அது எதிரியின் பேச்சு இல்லை, அந்தப் பள்ளியே எழுதக் கற்றுக்கொடுத்த பிள்ளையின் பேச்சு.

பிப்ரவரி 18

"கொடியும் கூட வந்தது" என்ற பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கொடியை வரவழைத்ததில் மிஷன்களுக்குப் பங்கு உண்டு. போர்ச்சுகல் அந்த நாட்டை எடுத்துக்கொள்ளும் என்று பயந்து ஸ்காட்லாந்துச் சபைகள் பிரிட்டன் பாதுகாப்புக் கேட்டுப் போராடின. 1891-ல் அது கிடைத்தது. வந்த கொடி அடுத்த சில வருஷத்தில் குடிசை வரி போட்டது. பிளான்டயரில் ஸ்காட் மிஷன் பத்திரிகையிலேயே அதைக் கண்டித்து எழுதினார். ஏழு ஆப்பிரிக்கர்களை உதவிக்குருக்களாகப் பயிற்றுவித்து முன்னால் நிறுத்தினார். குடியேறிய வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. 1898-ல் ஸ்காட் பதவி விலகினார். கட்டடக் கலை படிக்காமல் அவர் கட்டி 1891-ல் முடித்த புனித மிக்கேல் ஆலயம் இன்றும் நிற்கிறது. உள்ளூர் மண்ணில் சுட்ட செங்கல், விதவிதமான அச்சுகள். என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். சாயங்கால வெயிலில் அந்தச் செங்கல் மாதுளைத் தோல் நிறத்துக்கு வரும்.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஜான் கிரே குஃபா. 1915-ல் அவரைத் தூக்கில் போட்டது அதே கொடியின் அரசு.

அதுதான் சிலெம்ப்வே கலகம். ஜான் சிலெம்ப்வே, ஜோசப் பூத் என்ற மிஷனரியின் சீடர். அமெரிக்கா போய்ப் படித்து 1900-ல் போதகராகத் திரும்பி, சிராட்ஸுலுவில் பள்ளிகளும் பெரிய செங்கல் கோயிலும் கட்டினார். பக்கத்தில் புரூஸ் எஸ்டேட், ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல், லிவிங்ஸ்டனின் மகள் வழிக் குடும்பத்துச் சொத்து. அங்கே குடியிருக்கும் உரிமைக்கு வாடகையாக உழைப்பு, "தங்காட்டா" என்பார்கள். மேலாளர் பெயர் வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். எஸ்டேட் நிலத்தில் சிலெம்ப்வேயின் ஆட்கள் எழுப்பிய ஜெபக் குடிசைகளை அவர் எரித்தார். 1914-ல் போர் வந்து, எங்களுடையது அல்லாத சண்டையில் எங்கள் ஆட்கள் ஏன் சாக வேண்டும் என்று சிலெம்ப்வே பத்திரிகைக்கு எழுதினார், அரசு அதைத் தடுத்தது. 1915 ஜனவரி 23, சனிக்கிழமை இரவு, அவருடைய ஆட்கள் மேலாளரைக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தொடவில்லை, அது போதகரின் கட்டளை. பத்துப் பதினொரு நாளில் சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றார்கள். கோயிலை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

மேலாளர் இறந்த இடத்தின் பெயரைக் கவனித்தீர்களா? எஸ்டேட்டின் அந்தப் பகுதிக்கு மகொமெரோ என்றுதான் பெயர். 84 பேரின் கவட்டையை அறுத்துக் கொண்டுவந்து குடிவைத்த அதே மகொமெரோ. ஐம்பத்து நான்கு வருஷம் இடையில்.

அங்கே போயிருக்கிறேன். சோளக் கொல்லை, ஒரு சின்ன ஓடை, துணி துவைக்கும் பெண்கள்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்ட தம்பி, "அப்படியானால் மிஷனரிகள் செய்தது நல்லதா கெட்டதா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்கிறார். என்னால் முடியாது. சிலெம்ப்வேக்கு வேதத்தைக் கொடுத்ததும் அவர்கள், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள், கேள்வி வந்தபோது பலர் திரும்பிக்கொண்டதும் உண்மை. கோயியையும் மெக்டொனால்டையும் ஒரே சொல்லில் எப்படிப் போடுவது? நீங்கள் குவினைன் என்று ஆரம்பித்ததால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது, அதற்கு நன்றி.

மார்ச் 2

பாம்போவிடம் போனில் பேசினேன். இங்கே அவர் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, பிப்ரவரி 13 குறிப்பை வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். இரண்டு திருத்தம் சொன்னார், அப்படியே போடச் சொன்னார்.

ஒன்று, காத்திருந்தது ஏழு வருஷம் இல்லை, நான்கு. ஏழு என்பது அவருடைய சித்தப்பா கதை, நான் கலந்துவிட்டேன்.

இரண்டு, பாட்டி மரத்தடியில் உட்காரவில்லை. முதல் சில மாதம்தான் அப்படி. அதற்கு அப்புறம் ஒரு ஞாயிறு அவளாகவே உள்ளே போய், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், கதவு ஓரமாக உட்கார்ந்தாளாம். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. சாகும்வரை அதே இடம். "மாமரத்தடியில் நின்றது சைக்கிள்கள்" என்றார்.